கையை எடுக்கும் முன்: பிளேட் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ட்ரைபாட் பிளேட் பற்றித்தான், அதாவது கேமராவை ட்ரைபாடில் மாட்ட அடியில் திருகும் தகடு. வேடந்தாங்கல் சீசன் நெருங்குகிறது போலும்.

என் ட்ரைபாடுக்கு எந்த பிளேட் வாங்கலாம்? (சேலம்)

எந்த ட்ரைபாட், அதன் மேல் கேமராவைத் தாங்கும் ஹெட் எது, எந்த கேமரா என்று ஒரு வார்த்தைகூட இல்லை. ஹெட்டில் பிளேட்டைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்பைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கேமராதான் வைத்திருக்கிறீர்களே.

நிக்கான் 200-500 லென்ஸ். பாடிக்கு அடியில் பிளேட் மாட்டி எடுக்கிறேன். எல்லாப் படமும் ஷேக் ஆகிறது. ட்ரைபாடை மாற்றலாமா? (கோவை)

ட்ரைபாட் என்ன பாவம் செய்தது? அந்த லென்ஸ், அதைச் சுற்றிப் பிடிக்கும் காலர் வளையத்தோடு சேர்த்து சுமார் 2.3 கிலோ. அத்தனை பாரத்தையும் முன்னால் நீட்டி, பின்னால் ஒரே ஒரு கால் அங்குல ஸ்க்ரூவில் நிறுத்தினால் ஆடாமல் என்ன செய்யும்? காலர் வைத்துத் தந்திருப்பது தூக்கிப் பிடிக்க மட்டும் இல்லை. பிளேட்டைக் காலரின் அடியில் நீட்டியிருக்கும் காலில் மாட்டுங்கள். பாடியில் லென்ஸ் பூட்டும் மவுன்ட்டுக்கும் நல்லது.

ட்ரைபாடோடு வந்த பிளேட் லிவர் கிளாம்ப்பில் கச்சிதமாக உட்காருகிறது. ஆன்லைனில் வாங்கிய இன்னொரு பிளேட்டில் 'ஆர்க்கா கம்பாட்டிபிள்' என்று போட்டிருக்கிறது, ஆனால் லேசாக நகர்கிறது. கிளாம்ப் பழுதா? (திருநெல்வேலி)

கிளாம்ப் பழுதில்லை. அந்தப் பெயரை நம்பியதுதான் பழுது. எனக்கு இதில் பழைய கோபம் ஒன்று உண்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்க்கா-ஸ்விஸ் என்பது ஒரு கம்பெனி. இரு பக்கமும் சரிந்த அந்த பிளேட் அமைப்பு அவர்களுடையது. மற்றவர்கள் அதைப் பார்த்துச் செய்தார்கள், அவர்களைப் பார்த்து இன்னும் பலர் செய்தார்கள். எல்லாரும் கட்டுப்பட்ட அளவு என்று ஒன்று கிடையாது. அகலம் ஏறக்குறைய 38 மில்லிமீட்டர், அவ்வளவுதான். ஒருவர் ஒரு நூல் கூட்டுவார், இன்னொருவர் குறைப்பார், சரிவையும் மாற்றுவார். இரண்டு டப்பாவிலும் ஒரே வாசகம்தான் அச்சாகியிருக்கும்.

திருகுக் கிளாம்ப் என்றால் கவலை இல்லை. பிளேட் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு இறுக்கிக்கொள்ளலாம். லிவர் அப்படி இல்லை, ஒரே அளவுக்குத்தான் மூடும். பிளேட் அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் லிவர் 'டக்' என்று மூடிவிடும், பிடி மட்டும் இருக்காது. அந்தச் சத்தத்தைத்தான் நாம் நம்பிவிடுகிறோம்.

நானும் நம்பினேன். கூந்தன்குளத்தில் ஒரு விடியற்காலை, புதிதாக வாங்கிய மலிவு பிளேட். லிவரை மூடினேன், சத்தம் கேட்டது. ஹெட்டைக் கீழே சாய்த்ததும் லென்ஸ் முன்பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது. ஹூடைப் பிடித்து நிறுத்தினேன். ஹூட் உடைந்தது, லென்ஸ் பிழைத்தது. பிளேட்டின் இரு முனையிலும் அடியில் குட்டி ஸ்க்ரூ இரண்டு இருக்குமே, வழுக்கினாலும் கிளாம்ப்பில் இடித்து நிற்பதற்காக? பக்கவாட்டில் சொருக இடைஞ்சலாக இருக்கிறது என்று முந்தின நாள்தான் கழற்றி மேசை டிராயரில் போட்டிருந்தேன். நீங்களும் கழற்றியிருப்பீர்கள். தேடி எடுத்து மாட்டுங்கள்.

லிவர்தான் வேண்டுமென்றால் கிளாம்ப்பும் பிளேட்டும் ஒரே கம்பெனியாக வாங்குங்கள். எதுவானாலும், கையை எடுக்கும் முன் ஒரு முறை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள்.

கிம்பல் ஹெட் (பெரிய லென்ஸை ஊஞ்சல் போலத் தாங்குவது), 150-600 லென்ஸ். பிளேட் எவ்வளவு நீளம்? (மதுரை)

120 முதல் 150 மில்லிமீட்டர் போதும். டாம்ரான் ஜி2 என்றால் பிளேட்டே வேண்டாம், காலிலேயே ஆர்க்கா பள்ளம் வெட்டியிருக்கிறது. இந்த லென்ஸ்கள் ஜூம் செய்யும்போது முன்னால் நீளும், பாரமும் கூடவே முன்னால் போகும். அதனால் ஜூமை 150-இல் வைத்து பேலன்ஸ் பார்க்காதீர்கள். பறவைக்கு எப்படியும் 600-இல்தான் நிற்கப் போகிறீர்கள், அங்கே பாருங்கள். பிளேட்டைக் காலில் மாட்டும் இரண்டு ஸ்க்ரூவையும் போடுங்கள், ஒன்று போதும் என்று விடாதீர்கள்.

மான்ஃப்ரோட்டோ ஆர்சி2 ஹெட் ஒன்று, ஆர்க்கா ஹெட் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பிளேட் மாற்ற வேண்டியிருக்கிறது. (திருச்சி)

மான்ஃப்ரோட்டோவின் 200பிஎல்-ப்ரோ பிளேட் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டிலும் உட்காரும். இரண்டிலும் இழுத்துப் பாருங்கள்.

பிளேட் ஸ்க்ரூ தொலைந்துவிட்டது. ஹார்டுவேர் கடையில் வாங்கியது இரண்டு சுற்றுக்கு மேல் போகவில்லை. எண்ணெய் விடலாமா? (ஈரோடு)

ஐயா, நிறுத்துங்கள்! கடைக்காரர் கொடுத்தது எம்6 ஆக இருக்கும். கேமராவுக்கு வேண்டியது கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், மரை வேறு. இன்னும் ஒரு சுற்று முறுக்கினால் பாடியின் மரை போய்விடும். கேமரா கடையில் கேளுங்கள், நீளத்தையும் பாருங்கள். பிளேட்டுக்கு மேலே சுமார் 5 மில்லிமீட்டர் நீட்டினால் போதும். அதிகமானால் துளையின் அடியில் முட்டிக்கொண்டு, முழுக்கத் திருகிய பிறகும் பிளேட் ஆடும்.

கேமராவை நெட்டுக்குத்தாகச் சாய்த்தால் பிளேட்டோடு திரும்பிக்கொள்கிறது. எவ்வளவுதான் இறுக்குவது? (புதுச்சேரி)

இறுக்க இறுக்க ரப்பர்தான் நசுங்கும். பின்பக்கம் சின்ன விளிம்பு வைத்த, உங்கள் பாடிக்கென்றே செய்த பிளேட் வாங்குங்கள். நெட்டுப் படம் நிறைய எடுப்பவர் என்றால் எல்-பிராக்கெட், பாடியின் அடியையும் ஒரு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும் எல் வடிவ பிளேட். பாடியின் பெயர் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், 'யுனிவர்சல்' வேண்டாம். காரணம் மேலே திருநெல்வேலிக்காரருக்குச் சொன்னதுதான்.

கோடியக்கரை போய் வந்ததும் ஸ்க்ரூவெல்லாம் துரு. (நாகப்பட்டினம்)

உப்புக் காற்று. வீட்டுக்கு வந்த அன்றே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காயவைத்துப் பையில் போடுங்கள். துருப்பிடித்த ஸ்க்ரூவை மாற்றிவிடுங்கள்.