புறப்படப் பத்து நாள்: ஏஜெண்டிடம் எதை விடலாம்?

கேள்வி: பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். நண்பர்கள் இருவரோடு பெருங்கடலைக் கடக்கத் திட்டம். சுமார் மூன்று வாரம் கரையே தெரியாது. புறப்படப் பத்து நாள்தான் இருக்கிறது, வேலைப் பட்டியலோ குறையவில்லை. லைஃப் ராஃப்ட் (படகு மூழ்கினால் ஏறிக்கொள்ளும் காற்றடைத்த மிதவை) சர்வீஸ், அவசர பீக்கன் (ஆபத்தில் சிக்னல் அனுப்பும் கருவி) பதிவு, துறைமுகத் தாள்கள் மூன்றையும் ஒரே தொகைக்கு முடித்துத் தருவதாக ஏஜெண்ட் ஒருவர் சொல்கிறார். விட்டுவிடலாமா?

பதில்: துறைமுகத் தாள்களை மட்டும் விடுங்கள். ராஃப்டும் பீக்கனும் உங்கள் கையாலேயே முடிய வேண்டும். பட்டியலில் உள்ள மற்ற வேலைகளில் பாதியைப் போகிற வழியில்கூடச் செய்துகொள்ளலாம். இந்த இரண்டையும் நடுக்கடலில் சரிசெய்ய வழியே கிடையாது.

பீக்கனை இயக்கினால் 406 மெகாஹெர்ட்ஸில் ஒரு அடையாள எண் காஸ்பஸ்-சார்சாட் என்ற சர்வதேசத் தேடல்-மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்களுக்குப் போகும். அது யாருடைய படகு, கரையில் யாரை விசாரிப்பது என்பதையெல்லாம் மீட்பு மையம் அந்த எண்ணுக்கான பதிவை வைத்துத்தான் தேடும். பதிவு பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தால் போன் அவருக்குப் போகும். அவர் படகை விற்றுவிட்டேன் என்று சொல்லி, அதன்பிறகு உங்களைத் தேடிப் பிடிப்பதற்குள் நேரம் ஓடிவிடும். பல நாடுகளில் இந்தப் பதிவு இலவசம், படிவமும் சின்னதுதான். இதற்குப் போய்க் கட்டணம் வாங்குகிறார்கள்! அதைவிட மோசம், அவசரத் தொடர்பு என்ற இடத்தில் தங்கள் அலுவலக எண்ணையே எழுதிவிடும் ஏஜெண்டுகளைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த போனை யார் எடுப்பார்கள்?

ஒரு சிக்கல் மட்டும் உங்களுக்கு வரலாம். அந்த அடையாள எண்ணுக்குள்ளேயே ஒரு நாட்டுக் குறியீடு இருக்கிறது. படகு முன்பு வேறு நாட்டுக் கொடியில், அதாவது வேறு நாட்டின் பதிவில் இருந்து, நீங்கள் கொடியை மாற்றியிருந்தால், பெயரை மாற்றுவது மட்டும் போதாது. தயாரிப்பாளர் அங்கீகரித்த சர்வீஸ் மையத்தில் பீக்கனுக்குப் புதுக் குறியீடு ஏற்ற வேண்டும். அப்போது அடையாள எண்ணே மாறிவிடும். புது எண்ணை உங்கள் கொடி நாட்டில் பதிய வேண்டும், பழைய பதிவை நீக்கச் சொல்ல வேண்டும், பீக்கன் மேல் உள்ள ஸ்டிக்கரும் மாற வேண்டும். செயற்கைக்கோள் அமைப்பு ஒன்றுதான், ஆனால் நாட்டுக்கொரு பதிவேடு, நாட்டுக்கொரு விதி. இத்தனை வருடமாகியும் இதை எளிமையாக்க யாருக்கும் மனமில்லை. பத்து நாளில் முடியாது என்றால், உங்கள் கொடிக்குக் குறியீடு ஏற்றிய புது பீக்கனையே வாங்கிவிடுங்கள்.

அடுத்து ராஃப்ட். பெட்டியைத் திறக்காமலேயே புதுத் தேதி ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறவர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். தயாரிப்பாளர் அங்கீகரித்த மையத்துக்கு நீங்களே கொண்டுபோங்கள். காற்றடைத்துப் பார்க்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், உள்ளே உள்ள ஃப்ளேர்கள் (அவசர ஒளிச் சமிக்ஞைகள்), தண்ணீர், பேட்டரி ஆகியவற்றின் காலாவதித் தேதிகளை எழுதி வாங்குங்கள். திரும்ப மாட்டியதும் ராஃப்டின் கயிறு படகில் பலமான இடத்தில் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டாமல் தண்ணீரில் போட்டால், ராஃப்டைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும்.

மற்றவை சுருக்கமாக. பாய்மரத்தின் உச்சிவரை ஏறி, கம்பிவடங்கள் பொருத்திய முனைகளில் ஒரு இழையாவது அறுந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். டீசல் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றினால் தண்ணீர் கலந்திருப்பது தெரிந்துவிடும். மாற்று ஃபில்டர் நிறையவே இருக்கட்டும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும், அதுவும் ஒரே டேங்கில் வேண்டாம். கடைசி வாரத்தில் புதுக் கருவி எதையும் பொருத்தாதீர்கள். அப்புறம், விமான டிக்கெட்டையோ வழியனுப்பு விருந்தையோ வைத்துப் புறப்படும் நாளை முடிவு செய்யாதீர்கள். ஐந்து நாளுக்கு அப்பால் வானிலைக் கணிப்பை நம்பிப் பயனில்லை; முதல் சில நாட்களாவது நல்ல காற்று கிடைக்கும் என்று தெரிந்த பிறகு நங்கூரத்தை எடுங்கள்.

சரி, ஏஜெண்டிடம் விட்ட தாள்கள். புறப்பாட்டு அனுமதியின் முத்திரையிட்ட அசலைக் கையில் வாங்குங்கள், நகல் போதும் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அடுத்த துறைமுகத்தில் முதலில் கேட்பது அதைத்தான். மூவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று அங்கேயே சரிபார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.