டிராக் டேயில் (சொந்தக் காரைப் பந்தயத் தளத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளில்) சில சுற்றுகளுக்குப் பிறகு பிரேக் பெடல் ஏன் அமுங்கிப்போகிறது?

வேலூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் வரை நெடுஞ்சாலையில் கச்சிதமாகப் பிடித்த பிரேக், தளத்தில் நாலைந்து சுற்றுகளில் பஞ்சாகிவிடுகிறது. பெரும்பாலும் பிரேக் ஆயில் கொதித்ததுதான் காரணம்.

பாதத்தின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது அந்தத் திரவம். அது காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 என்ற பிரேக் ஆயில் வகை புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ் வரையாவது தாங்கும்; 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் 155 டிகிரி வரை தாங்கினாலே தரநிலைக்குப் போதும். கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும்.

ஊசியில்லாத சிரிஞ்சில் நீரை நிரப்பி, வாயை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள், அசையாது. ஒரு காற்றுக் குமிழி இருந்தால் தண்டு உள்ளே போகும். உங்கள் பெடலும் அப்படித்தான்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது கியரைக் குறைத்து பிரேக்குக்கு ஓய்வு தரலாம். தளத்தில் நேர்ப்பாதை முடியும் இடமெல்லாம் முழு மிதி. ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

அதனால் தளத்துக்குப் போகுமுன் ஆயிலை மாற்றிவிடுங்கள். என் காரில் வடித்தபோது கடுந்தேநீர் நிறத்தில் வந்தது, பார்த்துப் பதறிவிட்டேன். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டுங்கள், நிறுத்தியதும் கைபிரேக் போடாதீர்கள்.

ஆறியபின் பெடல் கெட்டியானால் கோளாறு தீர்ந்தது என்று பலர் நம்புகிறார்கள். ஆவிதான் அடங்கியிருக்கிறது, உறிஞ்சிய நீர் உள்ளேயே இருக்கிறது.