பெறுநர் இல்லாத கடிதங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். அரசுப் பணியில் இருப்பதால் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற கல்வியாண்டில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து மாதம் ஒரு சுவரிதழ் தொடங்கினோம். சார்ட் அட்டையில் பிள்ளைகளே எழுதி ஒட்டுவார்கள். மூன்று இதழ் வந்ததும் எனக்கே சலித்துவிட்டது. 'மரம் வளர்ப்போம்', 'நெகிழியை ஒழிப்போம்', 'நூலகத்தின் பயன்கள்' என்று எல்லாமே வகுப்புக் கட்டுரைகள். சரி, ஊர்ச் செய்தி எழுதுங்கள் என்றால், "எங்கள் ஊரில் அடிப்படை வசதிகள் இன்றிப் பொதுமக்கள் பெரிதும் அவதிப்பட்டு வருகின்றனர்" என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். யார் அவதிப்பட்டார்கள், எந்த வசதி இல்லை என்று கேட்டால் முழிக்கிறார்கள். இதே பிள்ளைகள் மதிய உணவு வரிசையில் நின்று ஊர்க்கதை பேசுவதைக் கேட்க வேண்டுமே, அவ்வளவு சுவாரசியம். பேனாவை எடுத்தால் அது எங்கே போகிறதென்று தெரியவில்லை.

கடிதமும் அப்படித்தான். அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு, உறைமேல் முகவரி எல்லாம் சரியாகப் போட்டு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். நடுவில் இருப்பது நான் கரும்பலகையில் எழுதிப்போட்டது.

நீங்கள் நாளிதழில் பல வருடம் வேலை செய்தவர். பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்தியும் கடிதமும் எழுதக் கற்றுத்தர எங்கிருந்து தொடங்குவது? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நிஜமான குறைகளை எழுதிப் பிள்ளைகள் அதிகாரிகளுக்கு அனுப்பினால் பள்ளிக்கு வம்பு வரும் என்று தலைமையாசிரியர் தயங்குகிறார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியை

---

அன்புள்ள டீச்சர்,

அந்த 'அவதிப்பட்டு வருகின்றனர்' உங்கள் பிள்ளைகளுடையது இல்லை. எங்களுடையது. மாவட்டப் பதிப்பின் டெஸ்க்கில் உட்கார்ந்து நானே அந்த வரியை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. ராத்திரி எட்டரைக்கு மேல் பகுதிநேர நிருபர் போனில் மேட்டர் சொல்வார். ஒரு ஊர், ஒரு குழாய், தண்ணீர் வரவில்லை. எத்தனை நாளாக, எத்தனை வீட்டுக்கு, எதனால் என்று கேட்க எனக்கும் நேரம் இருக்காது, சொல்ல அவருக்கும் இருக்காது. பக்கத்தை முடித்து அனுப்பியாக வேண்டும். தெரியாத இடங்களையெல்லாம் 'பொதுமக்கள்', 'பெரிதும்' என்று போட்டு மெழுகிவிட்டு, 'சம்பந்தப்பட்ட அதிகாரிகள் உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதே பொதுமக்களின் எதிர்பார்ப்பாக உள்ளது' என்று முடித்தால் பன்னிரண்டு வரி தேறிவிடும். குழாயை எடுத்துவிட்டுச் சுடுகாட்டுப் பாதை என்று போட்டால் மறுநாளைக்கும் அதே மேட்டர் ஓடும்.

அதைப் படிக்கும் பிள்ளைகள் பத்திரிகைத் தமிழ் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கையில் விவரம் இல்லாதவன் எழுதும் தமிழ் அது. அதனால் அவர்கள் எழுதியதில் சிவப்பு மையால் சொல்லைத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். எழுதுவதற்கு முன்னால் வகுப்பை விட்டு வெளியே அனுப்புங்கள், எதையாவது எண்ணிவிட்டு வரட்டும்.

சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவர் அழைத்து ஒரு கிராமப் பள்ளிக்குப் போயிருந்தேன். உங்கள் பிள்ளைகள் வயதுதான். ஊர்ப் பிரச்சினையை எழுதச் சொன்னதும் பாதிப் பேர் பஸ்ஸைப் பற்றி எழுதினார்கள். 'ஓட்டுநர் வேண்டுமென்றே நிறுத்தாமல் செல்வதால் மாணவர்கள் கடும் அவதி.' எத்தனை நாள் நிற்கவில்லை என்றேன். "எப்பவுமே நிக்காது சார்." அப்படியானால் இன்றைக்கு எப்படி வந்தீர்கள் என்றதும் ஒரே சிரிப்பு. நிறுத்தத்துக்கு எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். ஒரு வாரம் தினமும் குறித்து வை என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

குறித்து வைத்தாள். ஆறு வேலை நாளில் இரண்டு நாள் பஸ் நின்றது. ஒரு நாள் வரவே இல்லை. மூன்று நாள் நிற்காமல் போனது. நான் சொல்லாமலேயே அந்த மூன்று நாளுக்கு எதிரிலும் அவள் 'படி வரைக்கும் கூட்டம்' என்று எழுதியிருந்தாள். ஆக, ஓட்டுநர் வில்லன் இல்லை, பஸ் போதவில்லை. பிள்ளைகளின் புகாரே மாறிப்போய்விட்டது. அந்த நோட்டு இல்லையென்றால் பாவம், ஒரு ஓட்டுநர் மேல் நடவடிக்கை கேட்டு மனு போயிருக்கும்.

அப்புறம் அவள் பணிமனைக் கிளை மேலாளருக்கு எழுதிய கடிதம் இது: "எங்கள் நிறுத்தத்தில் காலை 8.05 பேருந்துக்கு 17 பேர் நிற்கிறோம். ஒரு வாரம் குறித்துப் பார்த்தோம். ஆறு நாளில் இரண்டு நாள்தான் ஏற முடிந்தது. மூன்று நாள் படி வரை கூட்டமாக இருந்ததால் நிற்கவில்லை. ஒரு நாள் வரவில்லை. அடுத்த பேருந்து 9.20க்கு. அதில் வந்தால் முதல் பாடவேளை போய்விடும். 8.05க்குச் சற்று முன்போ பின்போ இன்னொரு பேருந்து விட முடியுமா?" குறித்து வைத்த தாளைப் பின்னால் இணைத்திருந்தாள். 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' எங்கே என்று அவளுடைய வகுப்பு ஆசிரியர் கேட்டார். அதுவும் இருக்கட்டும் என்று சேர்த்தோம்.

ஒரு மாதம் கழித்து ந.க.எண் என்று அலுவலகக் கோப்பு எண் எல்லாம் போட்டு ஓர் அரைப்பக்கப் பதில் வந்தது. கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. அவ்வளவுதான். ஆனால் உறைமேல் அவள் பெயர் இருந்தது. வீட்டில் பாட்டி அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்துவிட்டாராம். அதை மறுபடியும் வெளியே எடுத்து, அந்த எண்ணைப் பார்த்து எழுதி, இரண்டாவது கடிதம் போட்டாள். நம் பரீட்சைக் கடிதத்தில் 'பொருள்' உண்டு, 'பார்வை' கிடையாது. அலுவலகக் கடிதத்தில் முந்தைய கடிதத்தைச் சுட்டும் அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மேசையில் யாரும் பழைய கோப்பைத் தேடி எடுக்க மாட்டார்கள். பரீட்சையில் பதிலே வராது என்பதால் இரண்டாவது கடிதத்துக்கான வரி நமக்குத் தேவைப்படவில்லை. (இன்னொரு பஸ் விட்டதாக நான் கேள்விப்படவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.)

நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதிலும் இதற்குள்தான் இருக்கிறது. அனுப்புநர் அ.அ.அ., பெறுநர் உயர்திரு ஆணையர் அவர்கள், இடம் இ.இ.இ. என்று எழுதும் பிள்ளைக்கு, இதைப் படிக்க ஒரு மனிதர் இருக்கிறார் என்ற நினைப்பு எப்படி வரும்? படிக்கப்போவது விடைத்தாள் திருத்துபவர் மட்டும்தான். அவருக்கு என்ன வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும், அதை மிகச் சரியாகக் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் சுவரிதழுக்கும் இதே நோய்தான். யார் படிப்பதற்காக எழுதுகிறோம் என்று தெரியாததால் டீச்சருக்காக எழுதுகிறார்கள்.

பிரான்சில் செலஸ்தீன் ஃபிரெனே என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம் பட்டவர், வகுப்பில் அதிக நேரம் பேச முடியாது. பிள்ளைகளை ஊருக்குள் நடக்கக் கூட்டிப்போவார், பார்த்ததை எழுத வைப்பார். 1924 வாக்கில் சின்ன அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கி வகுப்பிலேயே வைத்துப் பிள்ளைகளைக் கொண்டே எழுத்துக் கோத்து அச்சடிக்க வைத்தார். இது நிறையப் பேருக்குத் தெரியும். எனக்குப் பிடித்தது அதற்கடுத்து அவர் செய்த காரியம். அவருடைய பள்ளி தெற்கே மலைப்பக்கத்து ஊரில் இருந்தது. 1926இல் அதே பிரான்சின் வடமேற்கே பிரித்தானி (Brittany) கடற்கரையில் உள்ள ஒரு பள்ளியோடு எழுதியதை மாற்றிக்கொள்ள ஆரம்பித்தார். மலைப் பிள்ளைக்குக் கடல் தெரியாது, கடற்கரைப் பிள்ளைக்கு மலை தெரியாது. இருவரும் விளக்கியே தீர வேண்டும்.

ஜவ்வாது மலையை வைத்துக்கொண்டிருக்கும் மாவட்டத்தில் இருக்கிறீர்கள். நாகப்பட்டினம் பக்கமோ ராமநாதபுரம் பக்கமோ மீனவக் கிராமத்துப் பள்ளி ஒன்றில் உங்களைப் போல ஒரு டீச்சர் இருக்க மாட்டாரா? சாமை எப்படி விதைக்கிறார்கள் என்று கேட்கும் பிள்ளைக்கு 'விவசாயம் நாட்டின் முதுகெலும்பு' என்று யாரும் பதில் எழுத மாட்டார்கள். அஞ்சலட்டை இன்னும் ஐம்பது காசுதான். இடம் குறைவாக இருப்பதால் முன்னுரைக்கு வழியே இல்லை, அதுவும் நல்லதுதான்.

இன்னொரு பள்ளி இத்தாலியில், புளோரன்ஸுக்கு வடக்கே பார்பியானா என்ற மலையூரில் இருந்தது. லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் நடத்தியது. அரசுப் பள்ளிகளில் பெயிலாக்கப்பட்ட குடியானவர் வீட்டுப் பையன்களுக்கு தினமும் செய்தித்தாளை உரக்கப் படித்து, ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பேசுவார்கள். 1967இல் அந்தப் பையன்களில் எட்டுப் பேர் சேர்ந்து, தங்களைப் பெயிலாக்கிய ஆசிரியைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார்கள். அது புத்தகமாக வந்து உலகம் முழுக்கப் போனது. அதை எழுதிய முறையை அதற்குள்ளேயே சொல்லியிருக்கிறார்கள். தோன்றுவதை அவ்வப்போது தனித்தனித் தாளில், ஒரு பக்கம் மட்டும் எழுதிக்கொள்வது. ஒருநாள் எல்லாத் தாளையும் பெரிய மேசையில் பரப்பி, இரண்டு முறை வந்ததைத் தூக்கிப் போடுவது. ஒன்றோடொன்று சேர்ந்தவற்றைக் குவியல் குவியலாக வைத்தால் அவைதான் அத்தியாயங்கள். பிறகு வேண்டாத சொற்களை வெட்டுவது. கடைசியில் வெளியாட்களைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுவது. அதிலும் அதிகம் படிக்காதவர்களாகப் பார்த்துக் கூப்பிடுவார்கள், ஏனென்றால் அவர்களுக்குப் புரிய வேண்டும்.

எழுதிக் குவித்ததை எட்டுப் பேர் ஒரு மேசையில் வைத்து வெட்டுவது, கிட்டத்தட்ட நாங்கள் டெஸ்க்கில் செய்திருக்க வேண்டிய வேலை. உங்கள் சுவரிதழுக்கு இதை அப்படியே செய்து பார்க்கலாம். வெளியாளுக்கு எங்கேயும் போக வேண்டாம், சத்துணவு ஆயாவைக் கூப்பிடுங்கள்.

செய்தி எழுத்தின் இலக்கணம் என்று தனியாகச் சொல்ல அதிகமில்லை. யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்ற ஆறையும் எல்லாப் பயிற்சியிலும் சொல்லிக் கொடுப்பார்கள். அதைக் கேட்டுவிட்டுத் தமிழில் ஒரு விபத்து நடக்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால் ஆறையும் முதல் வரியிலேயே திணித்து, 'இன்ன ஊரைச் சேர்ந்த இன்னாரின் மகனான இத்தனை வயதுடைய இன்னார் நேற்று மாலை இன்ன இடத்துக்குச் சென்றுகொண்டிருந்தபோது' என்று எச்சம் எச்சமாகக் கோத்துக்கொண்டே போகிறோம். என்ன ஆயிற்று என்று தெரிவதற்குள் வாசகர் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார். பள்ளிக்கூட வாசலில் இருக்கும் வேப்பமரம் விழுந்தால் பிள்ளை வீட்டுக்கு ஓடிப்போய் என்ன சொல்லும்? "அம்மா, பள்ளிக்கூடத்து வேப்பமரம் விழுந்துருச்சு. சைக்கிள் ஸ்டாண்டு மேலயே விழுந்துருச்சு." அதை எழுத்துத் தமிழாக்கினால் முதல் இரண்டு வாக்கியமும் தயார். மற்றதெல்லாம் பின்னால் வரிசையாக வரட்டும்.

அப்புறம் 'கூறப்படுகிறது', 'தெரிகிறது' என்று எழுதினால் பக்கத்தில் 'யார் கூறியது?' என்று மட்டும் எழுதிவையுங்கள். இரண்டு இதழில் அது காணாமல் போகும். பெரிய பத்திரிகைகளில் இன்னும் போகவில்லை.

தலைமையாசிரியரின் பயம் நியாயமானதுதான். புகாரில் தொடங்க வேண்டாம். கேள்வியில் தொடங்கலாம். நம் ஊர் மேல்நிலைத் தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும், எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுகிறீர்கள் என்று ஊராட்சிக்கு எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் நடக்கும் கிராம சபைக்குப் பெற்றோரோடு நாலு பிள்ளைகள் போய், என்ன தீர்மானம் வந்தது, யார் எழுந்து பேசினார் என்று எழுதிக்கொண்டு வரலாம். ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியாது, சுவரிதழ் முன்னால் கூட்டம் கூடும். பள்ளியின் சொந்தக் குறை ஏதாவது இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைக்கலாம். அங்கே பெற்றோரும் இருக்கிறார்கள், பிள்ளை தனியாக நிற்க வேண்டியதில்லை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். குழந்தைத் திருமணம், அடிதடி, பாலியல் தொல்லை என்று ஒரு பிள்ளை சம்பந்தப்பட்ட விஷயத்தை யாராவது எழுதிக்கொண்டு வந்தால் அது சுவரில் ஏறக் கூடாது. பெயரை மறைத்தாலும் சின்ன ஊரில் அடையாளம் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டப்படியே குற்றம். அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள்.

உங்கள் தலைமையாசிரியர் பத்திரிகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் ஒரு கதை இருக்கிறது. 1878இல் சென்னையில் 'தி இந்து'வைத் தொடங்கிய ஆறு பேரில் இருவர் பள்ளி ஆசிரியர்கள், நால்வர் சட்ட மாணவர்கள். இந்தியரான முத்துசாமி ஐயர் உயர் நீதிமன்ற நீதிபதியானதை வெள்ளையர் பத்திரிகைகள் ஏசின. பதில் சொல்வதற்காக ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதி அச்சடித்தார்கள். அந்த இரு ஆசிரியர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர்தான் பின்னாளில் சுதேசமித்திரனைத் தொடங்கியவர். 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்த பாரதியைத் தன் பத்திரிகையில் உதவியாசிரியராகச் சேர்த்துக்கொண்டவரும் அவரே. பள்ளிக்கூடத்தில் இருப்பவரையும் பத்திரிகையில் இருப்பவரையும் நாம் ஆசிரியர் என்றுதானே சொல்கிறோம்.

நான்காவது இதழ் ஒட்டியதும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். எழுதிய ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர்கள் பெயருக்கே நான் அஞ்சலட்டை போடுகிறேன். எது புரிந்தது, எது புரியவில்லை என்று எழுதுவேன். பாராட்டு கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பள்ளி முகவரியைப் பின்கோடோடு அனுப்ப மறந்துவிடாதீர்கள்.