கல்லறைக்கு வர மறுக்கும் மகன்

கேள்வி: நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர்கள். கல்லூரியில் படிக்கும் என் மகன் சில மாதங்களாக வேறொரு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறான். ஜெபமாலை, திருநீற்றுப் புதன், கல்லறை மந்திரிப்பு (குருவானவர் கல்லறைகளை ஆசீர்வதிப்பது) எல்லாம் மனிதர் ஏற்படுத்திய பாரம்பரியம், விசுவாசத்துக்குத் தடை என்கிறான். கேட்டால் மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தைக் காட்டுகிறான். நவம்பர் 2 அன்று தாத்தா கல்லறைக்கு வரமாட்டேன் என்றதில் என் மாமியார் மனமுடைந்து போயிருக்கிறார். என்ன செய்வது?
- ஒரு தாய், அரிசிப்பாளையம், சேலம்

பதில்: அம்மா, உங்கள் மகன் வேதாகமத்தைத் திறந்து பேசுகிறான். அதற்காக முதலில் சந்தோஷப்படுங்கள். ஆனால் அந்த அதிகாரத்தை அவன் முழுதாகப் படிக்கட்டும். கை கழுவும் சடங்கில் தொடங்கும் பேச்சு, பெற்றோரிடம் வந்து நிற்கிறது. ‘இது கடவுளுக்கு நேர்ந்தது’ என்று சொல்லித் தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் கைகழுவினார்களே, அந்தப் பாரம்பரியத்தைத்தான் இயேசு கண்டித்தார். அவரே ஓய்வுநாளில் தம் வழக்கப்படி தொழுகைக்கூடம் போனதாக லூக்கா எழுதியிருக்கிறார்.

நான் ஏற்காட்டில் மறைக்கல்வி சொல்லித் தரும் உபதேசியாராக இருந்தவன். திருநீற்றுப் புதனுக்கு முன்பு காப்பித் தோட்டத்து லைன் வீடுகளில், முந்தைய ஆண்டு குருத்து ஞாயிறன்று வாங்கிய பழைய குருத்தோலைகளைச் சேகரிக்கப் போவேன். திரு இருதயப் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த ஓலை, ஓராண்டு அடுப்புப் புகையில் பழுப்பேறி, தொட்டால் நொறுங்கும். அதை எரித்த சாம்பல்தான் நெற்றிக்கு வரும். எழுத்தறியாத பாட்டிமார்கள், இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் சிலுவைப் பாதையின் 14 நிலைகளையும் வரிசை தப்பாமல் சொல்வார்கள். புத்தகம் எட்டாத வீட்டுக்குள் பாடுகளின் வரலாற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்தப் பாரம்பரியம்தான். இதைத் தடை என்று சொல்ல எனக்கு நா எழாது.

தடையானவையும் உண்டு. இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி சேலம் சீமைக்கு வந்தது 1623-இல். கிறிஸ்தவராக மாறியவர்கள் குடுமி, சந்தனம், பூணூல் ஆகியவற்றை மூடநம்பிக்கை கலக்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அனுமதித்ததும் அதே ஆண்டுதான். மண்ணின் வழக்கத்துக்குக் கதவு திறந்தது நல்லது. ஆனால் அதே கதவு வழியாகச் சாதியும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் எழுப்பிய ஊர்கள் உண்டு. தேர்த் திருவிழாவில் முதல் மரியாதைக்காக அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோன குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் மகனின் கோபம் இவற்றின் மேல் திரும்பினால் நானும் அவன் பக்கம்தான்.

அவனைக் கட்டாயப்படுத்தாதீர்கள். மாமியாரிடமும் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். கல்லறைத் திருநாளுக்கு முந்தைய வாரம் புல் செதுக்கவும் சுண்ணாம்பு அடிக்கவும் அவனை அழையுங்கள். மந்திரிப்புக்கு நிற்பதும் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் அவன் விருப்பம். பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் மருந்து வாங்கித் தரும் பொறுப்பை மட்டும் இந்த மாதத்திலிருந்தே அவனிடம் கொடுத்துவிடுங்கள். அவன் காட்டும் அதிகாரம் கேட்பது அதைத்தான்.