கேள்வி – பதில்: மதுபாலாவுக்கு ஏன் விருது இல்லை?

பழைய இந்திப் படங்களின் கதாநாயகிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது. வந்தவற்றில் பாதிக்கு மேல் யார் யாரைக் காதலித்தார், யார் யாரைக் கைவிட்டார் என்பதைப் பற்றியவை. அவற்றை எழுதியவர்கள் பொறுத்தருள வேண்டும். அந்தப் பெண்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலையைப் பற்றிய கேள்விகளையே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கே: நர்கிஸ், மீனா குமாரி, மதுபாலா, நூதன் ஆகிய நால்வரில் நடிப்பில் முதலிடம் யாருக்கு? மழுப்பாமல் சொல்லவும்.
— வாசகர், தஞ்சாவூர்

ப: நூதனுக்கு. அழகில் மதுபாலாவும், புகழில் நர்கிஸும், ரசிகர்களின் அனுதாபத்தில் மீனா குமாரியும் அவரை முந்தியிருக்கலாம். ஆனால் ஒன்றுமே செய்யாதவர் போலக் கேமராவின் முன் நின்றுகொண்டு, எல்லாவற்றையும் முகத்திலேயே நடத்திவிடும் வித்தை அவருக்குக் கைவந்த அளவுக்கு மற்றவர்களுக்குக் கைவரவில்லை என்பதே என் தீர்ப்பு.

பிமல் ராய் 1963-ஆம் ஆண்டில் எடுத்த 'பந்தினி' படத்தில் ஒரு காட்சி வரும். மருத்துவமனையில் வேலை செய்யும் கல்யாணி, தன்னை ஓயாமல் கடிந்துகொள்ளும் நோயாளிப் பெண்தான் தன் காதலனின் மனைவி என்பதை அறிகிறாள். அவளுக்கு விஷம் கொடுக்கும் முடிவுக்கு வருகிறாள். பக்கத்தில் எங்கோ இரும்பை அடிக்கும் ஓசை கேட்டுக்கொண்டிருக்க, வெல்டிங் நெருப்பின் வெளிச்சம் நூதனின் முகத்தில் பட்டுப் பட்டு அணைகிறது. பேச்சு கிடையாது. கண்ணீரும் கிடையாது. வெளிச்சம் விழும் ஒவ்வொரு முறையும் அந்த முகம் முன்பிருந்த முகமாக இருப்பதில்லை. கொலை செய்யத் துணிவது என்பது ஒரு நொடியில் நிகழ்வதன்று, படிப்படியாக ஏறுவது என்பதை நாம் கண்ணெதிரே பார்த்துவிடுகிறோம். இதே காட்சியை வேறொருவரிடம் கொடுத்திருந்தால் புருவமாவது துடித்திருக்கும்.

'சீமா', 'சுஜாதா', 'பந்தினி', 'மிலன்', 'மைன் துளசி தேரே ஆங்கன் கீ' ஆகிய ஐந்து படங்களுக்கு அவர் சிறந்த நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருது பெற்றார். முதற்படம் 1955-இலும் கடைசிப் படம் 1978-இலும் வந்தவை என்பதைக் கவனித்தால், இளமை போன பிறகும் அவருக்காக வேடங்கள் எழுதப்பட்டன என்பது விளங்கும்.

கே: ஆரம்ப காலத்தில் ஆண்களே பெண் வேடம் கட்டினார்கள் என்பது உண்மையா? முதல் பெண் நட்சத்திரம் யார்?
— வாசகி, விருதுநகர்

ப: உண்மைதான். 1913-இல் வெளிவந்த தாதா சாகேப் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா'வில் தாராமதியாக நடித்தவர் சாளுங்கே என்ற ஆடவர். அதே ஆண்டில் அவர் எடுத்த 'மோகினி பஸ்மாசுர'னில்தான் துர்காபாய் காமத்தும் அவருடைய மகள் கமலாபாயும் நடித்து அந்த வழக்கத்தை உடைத்தார்கள்.

நட்சத்திரம் என்று சொல்லத்தக்கவர் மௌனப் படக் காலத்தின் சுலோசனா. இயற்பெயர் ரூபி மையர்ஸ். யூதக் குடும்பத்தில் பிறந்து, தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். 1928-இல் மௌனப் படமாக வந்த 'அனார்கலி'யில் அவரே நாயகி. பேசும் படம் வந்தபோது இந்துஸ்தானி சரளமாக வராததால் ஓராண்டு ஒதுங்கியிருந்து மொழி கற்றுத் திரும்பினார்; 1935-இல் பேசும் 'அனார்கலி'யிலும் அவரே நாயகியானார். 1953-இல் அதே கதை மீண்டும் படமானபோது, அனார்கலி வேடம் பீனா ராயிடம் போய்விட்டிருந்தது. சுலோசனா சலீமின் தாயாக நடித்தார்.

கே: தேவிகா ராணி என்றாலே ஒரு முத்தக் காட்சியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அவர் வேறு எதுவும் செய்யவில்லையா?
— வாசகர், ஈரோடு

ப: ஒரு படப்பிடிப்பு நிலையத்தையே நடத்தினார். விசாகப்பட்டினத்தில் பிறந்து, இங்கிலாந்தில் படித்த அவர், கணவர் ஹிமான்ஷு ராயுடன் சேர்ந்து 1934-இல் பாம்பே டாக்கீஸை உருவாக்கினார். ஜெர்மானிய இயக்குநர் ஃபிரான்ஸ் ஆஸ்டன் இயக்கிய 'அச்சுத் கன்யா' (1936) படத்தில், பிராமண இளைஞனைக் காதலிக்கும் தீண்டத்தகாத குலத்துப் பெண்ணாக நடித்து, தம் பாட்டைத் தாமே பாடினார். இன்று பார்க்கும்போது அந்தக் கிராமத்துப் பெண்ணின் புருவம் சற்று அதிகமாகவே திருத்தப்பட்டிருப்பது தெரியத்தான் செய்கிறது. அக்காலத்தில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

1940-இல் ஹிமான்ஷு ராய் காலமான பிறகு நிலையத்தின் பொறுப்பைத் தேவிகா ராணி ஏற்றுக்கொண்டார். யூசுப் கான் என்ற இளைஞரை வேலைக்கு எடுத்து, திலீப் குமார் என்று பெயர் சூட்டி, 1944-இல் 'ஜ்வார் பாட்டா'வில் அறிமுகப்படுத்தியது அவருடைய நிர்வாகத்தில்தான். தாதா சாகேப் பால்கே விருது நிறுவப்பட்டபோது, 1969-ஆம் ஆண்டுக்குரிய முதல் விருது அவருக்கே வழங்கப்பட்டது.

கே: பாடி நடிக்கும் நாயகிகள் திடீரென்று மறைந்துபோனதற்கு என்ன காரணம்?
— வாசகர், கும்பகோணம்

ப: திடீரென்று மறையவில்லை, சில ஆண்டுகளில் படிப்படியாகக் குறைந்தார்கள். 1946-இல் நௌஷாத் இசையில் வந்த 'அன்மோல் கடி'யில் நூர்ஜஹான், சுரையா இருவரும் தத்தம் பாடல்களைத் தாமே பாடி நடித்தார்கள். மறு ஆண்டு நாடு பிரிந்தது. நூர்ஜஹான் பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். 1949-இல் 'மஹல்' வந்தது. அதில் மதுபாலா வாயசைத்த 'ஆயேகா ஆனேவாலா' பாட்டின் இசைத்தட்டில் பாடகியின் பெயராகப் படத்தின் கதாபாத்திரமான 'காமினி' என்ற பெயரே அச்சாகியிருந்தது. பாடியவர் யார் என்று கேட்டு வானொலிக்குக் கடிதங்கள் வந்து குவிந்த பிறகுதான் லதா மங்கேஷ்கர் என்ற பெயர் வெளியே தெரிந்தது.

அதன்பின் தயாரிப்பாளர்களுக்குக் கணக்கு எளிதாகிவிட்டது. முகம் ஒருவருடையதாகவும் குரல் இன்னொருவருடையதாகவும் இருந்தால் இரண்டிலும் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கலாம் அல்லவா? சுரையா மட்டும் 1954-இல் 'மிர்சா காலிப்' படத்தில் உருதுக் கவிஞர் காலிபின் கசல் பாடல்களைப் பாடி நடித்து, பழைய முறைக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று காட்டினார். 1963-இல் வந்த 'ருஸ்தம் சொஹ்ராப்' படத்தோடு அவரும் விலகிக்கொண்டார். என்னைக் கேட்டால், முகத்தையும் குரலையும் இப்படிப் பிரித்தது நடிகைகளுக்கு நன்மையே செய்தது. குரல் இல்லை என்பதற்காக வஹீதா ரஹ்மானை இழந்திருக்க முடியுமா?

கே: இதயத்தில் துளையோடு நடித்த மதுபாலாவுக்கு ஒரு ஃபிலிம்ஃபேர் விருதுகூடத் தரவில்லையே, இது அநியாயம் அல்லவா?
— வாசகி, சேலம்

ப: அநியாயம்தான், ஆனால் இதயத்தில் துளை இருந்ததற்காக விருது கொடுக்க முடியாது. 'முகலே ஆசம்' (1960) படத்துக்காக அவர் பெயர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது. விருது 'கூங்கட்' படத்தில் நடித்த பீனா ராய்க்குப் போனது. இன்று அந்தப் படத்தைத் தேடிப் பார்ப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முகலே ஆசம் படத்தில் அவர் உடல்மேல் பூட்டப்பட்ட சங்கிலிகள் நிஜ இரும்பு என்பதையும், நோயுற்ற உடலோடு அவற்றைச் சுமந்தார் என்பதையும் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். யாரும் அதிகம் சொல்லாதது அவருடைய நகைச்சுவை. 'சல்தி கா நாம் காடி' (1958) படத்தில், மழை இரவில் கார் நின்றுபோய், நனைந்த புடவையோடு பட்டறைக்கு வந்து நிற்கிறார். கிஷோர் குமார் கருவிகளைத் தட்டித் தாளம் போட்டுப் பாடி, அவரைச் சுற்றிச் சுற்றி வந்து கோமாளித்தனம் செய்கிறார். மதுபாலாவுக்கு அந்தப் பாட்டில் ஒரு வரிகூடக் கிடையாது. முந்தானையைப் பிழிந்துகொண்டே, எரிச்சலில் தொடங்கி, சிரிப்பை அடக்கி, அடக்க முடியாமல் திரும்பிக்கொள்ளும் அந்தச் சில நிமிடங்களில் காட்சியின் பாதியை அவர் தம் பக்கம் இழுத்துக்கொள்கிறார். கிஷோரை எதிரே வைத்துக்கொண்டு அப்படிச் செய்வது சாதாரணமன்று. 1969-இல் 36 வயதில் அவர் இறந்தபோது, சோகத்தின் உருவமாகவே அவரை நினைவில் வைத்துக்கொண்டோம். அந்தச் சிரிப்புக்காரியை மறந்தோம்.

முகலே ஆசம் 1961-இல் 'அக்பர்' என்ற பெயரில் தமிழ் பேசி இங்கே வந்து தோல்வியடைந்தது என்பது உபரிச் செய்தி.

கே: மீனா குமாரி சொந்த வாழ்க்கையின் துயரத்தைத்தான் திரையில் காட்டினார் என்று என் தந்தை சொல்வார். சரியா?
— வாசகர், பாளையங்கோட்டை

ப: தங்கள் தந்தையார் மட்டுமல்லர், பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். துயரம் பலருக்கும் உண்டு. அதை அளந்து, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு மட்டும் வெளியிடுவதற்குப் பயிற்சி வேண்டும். குழந்தை நட்சத்திரமாகவே படத்துறைக்கு வந்த அவருக்கு அந்தப் பயிற்சி நிறையவே இருந்தது. 1951-இல் நேர்ந்த ஒரு கார் விபத்தில் அவருடைய இடக்கைச் சிறுவிரல் பாதிக்கப்பட்டது. அதன் பிறகு வந்த படங்களைக் கவனித்துப் பாருங்கள்: அந்தக் கை முந்தானைக்குள்ளோ துப்பட்டாவின் மடிப்பிலோ மறைந்திருக்கும்; அது மறைக்கப்படுகிறது என்ற எண்ணமே நமக்கு வராது. தம் உடலைக் கேமராவுக்கு எப்படிக் காட்டுவது என்பதை இவ்வளவு திட்டமிட்டவர் வெறும் சோகத்தை அப்படியே கொட்டிவிட்டுப் போனார் என்று நம்புவது கடினம்.

'சாஹிப் பீபி அவுர் குலாம்' (1962) படத்தில் ஜமீன் வீட்டுச் சின்ன மருமகள், தாசி வீட்டுக்குப் போகும் கணவனை வீட்டில் நிறுத்திக்கொள்வதற்காக அவன் விருப்பப்படியே மது அருந்தப் பழகி, பின்னர் அதற்கே அடிமையாகிறாள். குடிபோதையைக் காட்ட நடிகர்கள் வழக்கமாகத் தள்ளாடுவார்கள். மீனா குமாரியோ நேராக நிற்க முயல்கிறவளாக நடிக்கிறார். குடித்தவர்கள் உண்மையில் அதைத்தானே செய்கிறார்கள்?

அந்த ஆண்டுக்கான ஃபிலிம்ஃபேர் சிறந்த நடிகை விருதின் பரிந்துரைப் பட்டியலில் இருந்த மூன்று பெயர்களும் அவருடையவையே: 'ஆர்த்தி', 'மைன் சுப் ரஹூங்கி', 'சாஹிப் பீபி அவுர் குலாம்'. மூன்றாவது படம் வென்றது. இரண்டாவது படம் நமக்கு அயலானதன்று. 'களத்தூர் கண்ணம்மா'வை ஏவி.எம். நிறுவனமே ஏ.பீம்சிங் இயக்கத்தில் இந்தியில் எடுத்தது அது. சாவித்திரியின் வேடத்தை மீனா குமாரி செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க வாய்த்தால் விட்டுவிடாதீர்கள். என் ஓட்டு சாவித்திரிக்கு.

கே: 'மதர் இந்தியா'வில் நடித்தபோது நர்கிஸின் வயது என்ன?
— வாசகர், புதுச்சேரி

ப: படம் வெளியான 1957-இல் 28. மகனாக நடித்த சுனில் தத்தும் அதே 1929-ஆம் ஆண்டின் ஜூன் மாதத்தில், அவருக்குச் சில நாள் பின்னால் பிறந்தவர். மறு ஆண்டு இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். மணப்பெண்ணாகத் தொடங்கி நரைத்த கிழவியாக முடியும் அந்த வேடத்தில், நடையும் குரலும் வயதுக்கேற்ப இறங்கிக்கொண்டே வருவதைக் கவனிக்க வேண்டும். கார்லோவி வாரி திரைப்பட விழாவின் சிறந்த நடிகை விருது அதற்குக் கிடைத்தது.

கே: வைஜெயந்திமாலா ஒரு விருதை வேண்டாம் என்று திருப்பிவிட்டாராமே?
— வாசகி, திருவல்லிக்கேணி

ப: ஆம். 'தேவதாஸ்' (1955) படத்தில் சந்திரமுகியாக நடித்ததற்குச் சிறந்த துணை நடிகை விருது என்று அறிவித்தார்கள். பார்வதிக்கு நிகரான பாத்திரம் சந்திரமுகி, அது துணைப் பாத்திரமன்று என்று கூறி மறுத்துவிட்டார். சுசித்ரா சென் பார்வதியாக நடித்த அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அவர் பக்கமே நிற்பார்கள். பின்னர் 'சாதனா', 'கங்கா ஜமுனா', 'சங்கம்' ஆகியவற்றுக்குச் சிறந்த நடிகை விருதே வந்தது.

தங்கள் ஊர்ப் பெண் என்பதால் இன்னொன்றும் சொல்லலாம். ஏவி.எம்.மின் 'வாழ்க்கை'யை 'பஹார்' என்று இந்தியில் எடுத்தபோது, அவர் இந்திப் பிரச்சார சபையில் மொழி கற்றுத் தம் வசனத்தைத் தாமே பேசினார். பத்து ஆண்டுகள் கழித்து 'கங்கா ஜமுனா'வில் வடநாட்டுக் கிராமப் பேச்சையே பேசி நடித்தார். கற்ற மொழியில் வட்டார வழக்கையும் பேசி நம்ப வைப்பது, ஆட்டத்தைவிடப் பெரிய சாதனை என்பேன்.

கே: வஹீதா ரஹ்மான் நடித்தவற்றில் தங்களுக்குப் பிடித்தது எது? 'பியாசா'வா, 'கைட்'டா?
— வாசகர், செங்கல்பட்டு

ப: 'கைட்' (1965). 'பியாசா'வில் அவர் நன்றாக இருக்கிறார், 'கைட்'டில் துணிந்திருக்கிறார். கணவனை விட்டு வெளியேறி, வேறொருவனோடு வாழ்ந்து, மேடையேறி ஆடிப் பெயர் வாங்கும் ரோசி, அக்கால இந்திப் பட நாயகிகளின் இலக்கணத்துக்குள் அடங்காதவள். அவளுக்காக மன்னிப்புக் கேட்கும் தொனி வஹீதாவின் நடிப்பில் எங்கும் இல்லை. தங்கள் ஊரில் பிறந்து, 'ரோஜுலு மாராயி' என்ற தெலுங்குப் படத்தின் ஒரு பாட்டுக்கு ஆடியதன் மூலம் இந்திப் பட இயக்குநரும் நடிகருமான குரு தத்தின் கண்ணில் பட்டவர் அவர். பம்பாய்க்குப் போனதும் பெயரை மாற்றச் சொன்னார்கள், மாற்றவில்லை.

கே: 'சாதனா கட்' என்பது யார் யோசனை?
— வாசகி, கோயம்புத்தூர்

ப: 'லவ் இன் சிம்லா' (1960) இயக்குநர் ஆர்.கே.நய்யாருடையது. சாதனாவின் அகன்ற நெற்றியை மறைக்க, ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்னைப் பின்பற்றி முன்முடியை வெட்டினார்கள்.

கே: எனக்கு வயது 22. கறுப்பு வெள்ளை இந்திப் படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. எதில் தொடங்கலாம்?
— வாசகர், நாகர்கோவில்

ப: 'சல்தி கா நாம் காடி'யில் தொடங்குங்கள், சிரித்துக்கொண்டே பழகிவிடலாம். அடுத்து வைஜெயந்திமாலாவின் 'மதுமதி'. பேய்க்கதை என்பதால் அலுப்புத் தட்டாது. 'காகஸ் கே ஃபூல்' படத்தை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1959-இல் வந்தபோதே ஓடாத படம் அது. வஹீதாவையும் குரு தத்தையும் வேறு படங்களில் பார்த்துப் பிடித்துப்போன பிறகு பார்த்தால்தான் அதன் மெதுவான நடை பொறுக்கும்.