கேள்வி – பதில்: கரிமருந்து ரிவால்வர்கள்

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து ரிவால்வர்களுக்குப் பித்தளைத் தோட்டா கிடையாதாமே? அப்படியானால் அவற்றை எவ்வாறு நிரப்பிச் சுட்டார்கள்?
– வாசகர், திருச்சி

பதில்: 1851இல் வந்த கோல்ட் நேவி, 1860இல் வந்த கோல்ட் ஆர்மி, ரெமிங்டன் நியூ மாடல் ஆர்மி ஆகிய எல்லாவற்றிலும் கரிமருந்து எனும் பழைய வகை வெடிமருந்தையும் குண்டையும் சிலிண்டரின், அதாவது ஆறு அறைகளுள்ள சுழலும் உருளையின், முன்பக்கமாகத்தான் போட வேண்டும். போர்க்களத்தில் இரண்டையும் ஒரே காகிதப் பொட்டலமாகக் கொடுத்தார்கள். இன்று இத்தாலியில் உபெர்டி, பியெட்டா ஆகிய நிறுவனங்கள் செய்யும் நகல்களை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தனித்தனியாகவே போடுகிறார்கள்.

அமெரிக்காவில் ஒரு சுடுதளத்தில் நான் இதைக் கற்றபோது, மருந்தைத் தொடுவதற்கு முன்பே ஒரு வேலை கொடுத்தார்கள். காலி அறைகளிலுள்ள எண்ணெயைத் துடைத்துவிட்டு, பின்னாலுள்ள நிப்பிள் எனும் துளையுள்ள சிறு முளை ஒவ்வொன்றிலும் வெறும் கேப்பை மட்டும் மாட்டி, குழல் வாயை ஒரு புல்லின் அருகே நீட்டிச் சுட வேண்டும். புல் அசைந்தால் நெருப்பு போகும் வழியில் அடைப்பில்லை என்று பொருள். கேப்பு என்பது செம்பினால் ஆன சிறு தொப்பி. அதனுள்ளே தட்டினால் தீப்பற்றும் மருந்து இருக்கும். நம் தீபாவளித் துப்பாக்கியில் வெடிப்பதும் இந்த வகைதான்.

அதன்பின் குதிரையை, அதாவது கேப்பைத் தட்டும் சுத்தியலை, பாதி இழுத்து நிறுத்தினால் சிலிண்டர் கையால் சுழலும். ஆர்மி வகைக்கு அறைக்கு 25 முதல் 30 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ இரண்டு கிராம் கரிமருந்து போதும். அதைக் குடுவையிலிருந்து நேராகக் கொட்டக் கூடாது. அறையில் கனல் மிஞ்சியிருந்தால் குடுவை முழுவதும் கையிலேயே வெடித்துவிடும் என்பதால், தனி அளவுக் குழாயில் எடுத்தே ஊற்ற வேண்டும். இந்த இடத்தில் புகையற்ற நவீன மருந்தை ஒரு சிட்டிகையும் சேர்க்கக் கூடாது. அதன் அழுத்தத்தைச் சிலிண்டர் தாங்காது. பிறகு கலப்பில்லாத மெல்லிய ஈயக் குண்டை வைத்து, குழலின் அடியிலுள்ள நெம்புகோலால் மருந்தின்மேல் நன்றாக உட்காரும்வரை அழுத்த வேண்டும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் இருக்கக் கூடாது. எல்லாம் முடிந்து, சுடும் இடத்தில் நின்று, குழலை இலக்கின் பக்கம் திருப்பிய பிறகே கேப்புகளை மாட்ட வேண்டும்.

கேள்வி: ஓர் அறையைச் சுடும்போது பக்கத்து அறைகளும் சேர்ந்து வெடிப்பதுண்டா?
– வாசகி, கோவை

பதில்: உண்டு. ஒவ்வோர் அறைக்கும் முன்னும் பின்னுமாக இரண்டு வாசல்கள் இருக்கின்றன; நெருப்பு எதன் வழியாகவும் புகலாம். முன்வாசலை அடைக்கக் குண்டின்மேல் கிரீஸ் தடவுவது பழைய வழக்கம். ஆனால் முதல் வேட்டின் சூட்டிலேயே பக்கத்து அறைகளின் கிரீஸ் உருகியும் சிதறியும் போவதை நான் பலமுறை பார்த்திருப்பதால், அதை மட்டும் நம்புவது தவறு என்றே சொல்வேன். கரிப்படிவை இளக்கமாக வைத்திருப்பதற்கு அது உதவும்.

உண்மையான காவல் குண்டின் அளவில் இருக்கிறது. அறையைவிடக் குண்டு சற்றே பெரிதாக இருக்க வேண்டும், ஆர்மி நகல்களுக்கு .451 அல்லது .454 அங்குலம். நெம்புகோலை அழுத்தும்போது மோதிரம் போல ஒரு மெல்லிய ஈய வளையம் சீவி வெளியே விழும். அந்த வளையம் எங்கும் அறுபடாமல் முழுவட்டமாக வந்தால் முன்வாசல் அடைபட்டது. பாதி வட்டமாக வந்தால் அந்தக் குண்டை நம்பக் கூடாது.

பின்வாசலைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். தளர்ந்த கேப்பு முதல் வேட்டின் அதிர்ச்சியில் கழன்றால் நிப்பிளின் துளை திறந்து கிடக்கும். கேப்பை விரலால் நசுக்கி மாட்டுவதும் தீர்வாகாது. நசுங்கிய கேப்பின் இருபுறமும் இடைவெளி விழும். 10, 11 ஆகிய எண்களில் நிப்பிளுக்குக் கச்சிதமாகப் பொருந்துவதைத் தேடி வாங்குவதே முறை. இத்தனைக்குப் பிறகும், சுடும்போது இடக்கையைச் சிலிண்டருக்கு முன்னால் கொண்டுபோகக் கூடாது.

கேள்வி: ஆறு அறைகளையும் நிரப்பலாமா?
– வாசகர், சேலம்

பதில்: ஐந்தை நிரப்பி, குதிரையைக் காலி அறையின்மேல் இறக்கி வைப்பதே பாதுகாப்பு.

கேள்வி: சுட்டு முடித்த அன்றே கழுவ வேண்டும் என்பது ஏன்?
– வாசகர், ஈரோடு

பதில்: கரிமருந்தில் பாதிக்கு மேல் புகையாகவும் கரியாகவும் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. அந்தப் படிவு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். சிலிண்டரையும் குழலையும் கழற்றி, சோப்பு கலந்த வெந்நீரில் தேய்த்து, நன்கு உலர்த்தி எண்ணெய் பூச வேண்டும். நிப்பிள்களையும் கழற்றிக் கழுவுங்கள். துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.

கேள்வி: இந்த மருந்துக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், மதுரை

பதில்: நெருங்கிய தொடர்பு உண்டு. கரிமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு. மீதி கரியும் கந்தகமும். அன்றைய உலகின் சிறந்த வெடியுப்பு பீகாரிலிருந்து போயிற்று. 1861இன் இறுதியில், அந்த உள்நாட்டுப் போரில் வட மாநில அரசுக்காக, அமெரிக்க வெடிமருந்து ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த லாமோ டுபோன்ட் லண்டன் சென்று அந்த இந்திய உப்பைப் பெருமளவில் வாங்கினார். அதே நேரத்தில், டிரென்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலிலிருந்து தென் மாநிலத் தூதர்கள் இருவரை வட மாநிலக் கடற்படை பிடித்துச் சென்றதால் பிரிட்டன் வெடியுப்பு ஏற்றுமதியையே நிறுத்தியது. தூதர்கள் விடுவிக்கப்பட்ட பிறகுதான், 1862இல், தடை நீங்கிச் சரக்கு கடல் கடந்தது.