ஆழ்கடல் தேடி நெடுந்தீவுக்கா?

அண்ணா, வணக்கம். பத்து வருசத்துக்குப் பிறகு ஆடி மாதம் ஊருக்கு வருகிறோம். திரும்பும்போது மாலைதீவில் நாலு நாள் நிற்கலாம், அங்கே தனிப்படகில் ஆழ்கடல் மீன்பிடிக்கக் கூட்டிப்போவார்கள் என்கிறார் கணவர். அந்தக் காசை யாழ்ப்பாணத்து நெடுந்தீவில் செலவழித்தால் என்ன என்பது என் எண்ணம். அங்கேயும் தனிப்படகில் ஆழ்கடலுக்குப் போகலாமா? மகனுக்கு 12 வயது, மீன் பிடிப்பதென்றால் உயிர்.
கனடா ஸ்காபரோவிலிருந்து ஒரு தங்கச்சி

அன்பான தங்கச்சிக்கு,

ஆழ்கடல்தான் வேண்டுமென்றால் கணவர் சொல்வது சரி. மாலைதீவில் பவளப்பாறையைத் தாண்டினால் கடல் சட்டென்று நூற்றுக்கணக்கான மீற்றர் இறங்கிவிடும், அதனால் கரைக்குக் கிட்டவே சூரை ஓடும். நாங்கள் சம்பலுக்கு இடிக்கிற மாசிக் கருவாடு அந்தச் சூரைதான். தடியும் தூண்டிலுமாக ஒவ்வொன்றாகப் பிடிப்பது அவர்களுடைய பரம்பரைத் தொழில்.

எங்கள் கடல் அப்படியில்லை. நெடுந்தீவைச் சுற்றி பெரும்பாலும் 15 மீற்றருக்கு உள்ளேதான். பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றிப் போவதும், 2005-ல் சேதுசமுத்திரம் என்று கப்பல் கால்வாய் தோண்டத் தொடங்கியதும் இதனால்தான். இங்கே யாராவது ஆழ்கடல் காட்டுகிறேன் என்று காசு கேட்டால் நம்பாதீர்கள். இரவில் வெளிக்கடலுக்குப் போகவும் கேட்காதீர்கள். கடலடியை வாரும் இழுவைமடி வலையை இங்கே 2017-ல் சட்டம் போட்டுத் தடுத்தும், அக்கரையிலிருந்து, இந்தியாவிலிருந்து, வரும் இழுவைப்படகுகள் வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன, தொழிலாளிகளே பயந்து பயந்துதான் நிற்கிறார்கள்.

ஆனால் மகனுக்குத் தூண்டில் பழக்க ஆழமில்லாத இந்தக் களக்கடலைப் போல ஒன்று இல்லை. எனக்குப் பழக்கியவர் ஒரு பெரியவர். தடி கிடையாது, தங்கூசி என்கிற நைலோன் நூல், ஈயக்குண்டு, கொக்கியில் ஒரு இறால், அவ்வளவுதான். தங்கூசியை என் சுட்டுவிரல் மடிப்பில் போட்டுவிட்டு, "கல்லில உரசினா கரகரக்கும், மீன் கொத்தினா துடிக்கும், கண்ணை மூடிக்கொண்டு விரலால பார் தம்பி" என்றார். அவருடைய விரலில் அந்த மடிப்பு நெடுகக் கோடு கோடாக வெட்டுத் தழும்பு. அன்றைக்கு முழுக்கக் கல்லைத்தான் பிடித்தேன், வெயில் ஏறிய பிறகு ஒரு விளைமீன், உள்ளங்கை அளவு இருக்கும். அந்தத் துடிப்பு இன்றைக்கும் விரலில் இருக்கிறது.

சரி, ஆடி என்பதுதான் இடிக்கிறது. அது சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற காலம், கடல் குழம்பினால் படகு ஓடாது, படகு புறப்படும் குறிகாட்டுவான் துறையில் காத்திருந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பங்குனி, சித்திரை என்றால் கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். ஆடியை மாற்ற முடியாதென்றால் நெடுந்தீவுக்கு இரண்டு நாளைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள், குதிரைகளையும் கல்வேலிகளையும் ஆறுதலாகப் பார்க்கலாம். தூண்டிலுக்குக் கடல்நீரேரிப் பக்கம் நல்லது. படகுக்காரரிடம் பேரம் பேசாதீர்கள், உங்களுக்காக அவர் அன்றைய தொழிலை விடுகிறார், அந்த நாள் உழைப்புக் காசைக் குறைவில்லாமல் கொடுங்கள். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் மகனை ஏற்றவே வேண்டாம்.

தங்கூசி அங்கிருந்து கொண்டுவரத் தேவையில்லை, இங்கே கடையில் கிடைக்கும். மகனுக்கு நீச்சல் தெரியுமா என்று மட்டும் எழுதுங்கள்.